லெக்சிங்டன் போதை மீட்புப் பண்ணை

போதைக்கு அடிமையானவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்காக அமெரிக்க மத்திய அரசு தொடங்கிய முதல் மருத்துவமனை இது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு அருகில் 1935 முதல் 1974 வரை இயங்கியது. கைதிகளும் தாமாக வந்து சேர்ந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் தங்கியதால், சிறைச்சாலையும் மருத்துவமனையும் கலந்த தனி இயல்பு இதற்கு இருந்தது. போதைச் சிகிச்சை குறித்து இன்று மருத்துவ உலகம் அறிந்திருப்பவற்றில் பல இங்கே கண்டறியப்பட்டன. உள்நோயாளிச் சிகிச்சையின் எல்லையும் இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

தோற்றம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்காவில் மார்ஃபின் மருந்துக்கடைகளில் தடையின்றிக் கிடைத்தது. 1914-இல் வந்த ஹாரிசன் சட்டம் அபின் வகை மருந்துகளையும் கோக்கைனையும் கட்டுப்படுத்தியது. பழக்கத்தைத் தொடர்வதற்காக மருத்துவர் மார்ஃபின் எழுதித் தருவது முறையான மருத்துவம் ஆகாது என்று 1919-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் நோயாளிகள் கள்ளச் சந்தைக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கிருந்து சிறைக்குப் போனார்கள். 1920களின் இறுதியில் மத்தியச் சிறைகள் இவர்களால் நிரம்பி வழிந்தன. இந்த நெருக்கடிக்குத் தீர்வாக ஸ்டீபன் போர்ட்டர் என்ற மக்கள் பிரதிநிதி கொண்டுவந்த சட்டம் 1929-இல் நிறைவேறி, இரண்டு மீட்புப் பண்ணைகளுக்கு வழி செய்தது. முதலாவது லெக்சிங்டனில் 1935 மே மாதம் திறக்கப்பட்டது. இரண்டாவது டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் 1938-இல் வந்தது.

முதல் தலைமை மருத்துவர் லாரன்ஸ் கோல்ப். போதைப் பழக்கம் ஒரு நோய், அபின் வகை மருந்துகள் தம்மளவில் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை என்று 1920களிலேயே எழுதியவர். திறந்த மறு ஆண்டே நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலிருந்து ‘பண்ணை’ நீங்கி ‘மருத்துவமனை’ ஏறியது. ஊர்க்காரர்கள் ‘நார்கோ’ என்றே அழைத்தார்கள்.

அமைப்பும் அன்றாடமும்

சுமார் 1,000 ஏக்கர் நிலம். பால்மாட்டுத் தொழுவம், பன்றிப் பட்டி, கோழிப் பண்ணை, காய்கறி வயல்கள். உள்ளே தையற்கூடம், தச்சுப்பட்டறை, அச்சகம். நகரத்தின் நெரிசலிலிருந்து விலக்கி, வெயிலிலும் மண்ணிலும் வேலை கொடுத்தால் மனிதர் தேறிவிடுவார் என்பது அக்கால நம்பிக்கை.

வந்தவுடன் உடைமைகளைச் சோதிப்பார்கள். பிறகு, போதை நிற்கும்போது வரும் உடல் துன்பத்தைக் கவனிக்கும் விலகல் வார்டு. மார்ஃபின் அளவைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மார்ஃபினின் இடத்தை மெத்தடோன் என்ற மாற்று மருந்து பிடித்தது. அளவு குறையக் குறையக் கொட்டாவி மேல் கொட்டாவி வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும். உடம்பெல்லாம் புல்லரிக்கும். வாந்தி எடுக்கும், படுக்கையில் ஒரு நிலை கொள்ளாது. கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக் என்ற மருத்துவர் இந்த அறிகுறி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, விலகல் துன்பத்தை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார். நோயாளி நடிக்கிறார் என்று அதுவரை ஒதுக்கப்பட்ட வேதனைக்கு அப்போதுதான் ஏட்டில் இடம் கிடைத்தது.

விலகல் முடிந்தபின் சில மாதங்கள் வேலை, விளையாட்டு, இசை, மனநல ஆலோசனை. 1941 முதல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1947-இல் மதுவிலிருந்து மீண்டோர் குழுக்களைப் பின்பற்றி, போதைக்கு அடிமையானவர்கள் தமக்குள் கூடிப் பேசும் குழு ஒன்று இங்கே தொடங்கியது.

ஜாஸ் இசைக் கலைஞர்கள் பலர் இங்கே தங்கியிருக்கிறார்கள். சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1955-இல் வந்தார். வெளியேறியபின் நியூயார்க்கின் பழைய வட்டத்துக்கு உடனே திரும்பாமல், சிகாகோவில் துப்புரவு வேலை பார்த்தபடி இசையைப் பயின்றார். மனம் உறுதிப்பட்ட பிறகே மேடைக்குப் போனார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாசித்தார்.

ஆய்வு மையம்

மருத்துவமனைக்குள்ளேயே போதை ஆய்வு மையம் ஒன்று இயங்கியது. தூக்க மாத்திரையான பார்பிட்யூரேட்டைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் என்பதும், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கமும் பிதற்றலும் மது விலகலால் வருபவை என்பதும் மருத்துவர் ஹாரிஸ் இஸ்பெல் தலைமையில் நிறுவப்பட்டன.

இதே மையத்துக்குத் தீராத களங்கமும் உண்டு. சோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்குப் போதை மருந்தே வெகுமதியாக வழங்கப்பட்டது. உளவு அமைப்பான சிஐஏவின் பணத்தில், மனமயக்கம் தரும் எல்எஸ்டி மருந்தின் சோதனைகள் நடந்தன. சிலருக்கு 77 நாட்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். மீட்க வந்த இடத்தில் போதையைக் காட்டிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. 1975-இல் செனட் விசாரணையில் இவை வெளிச்சத்துக்கு வந்தபின் கைதிகள் மீதான ஆய்வு நிறுத்தப்பட்டது.

வெளியேறியவர்களின் நிலை

தாமாக வந்தவர்களை யாரும் தடுத்து நிறுத்த முடியாது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன்பே கிளம்பினார்கள். 1962-இல் வெளியான ஆய்வு, நியூயார்க்குக்குத் திரும்பிய 1,900-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மீண்டும் பழக்கத்தில் விழுந்திருந்தார்கள். அதிலும் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள்.

காரணத்தை ஆபிரகாம் விக்லர் என்ற மருத்துவர் 1940களிலேயே ஊகித்திருந்தார். பல மாதங்களாகப் போதையைத் தொடாத நோயாளிகள் குழுவாக அமர்ந்து போதையைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விட்டார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சு மட்டுமே விலகல் அறிகுறிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படியென்றால் பழைய தெருமுனையும் பழைய கூட்டாளியும் என்ன செய்யும்? சூழலோடு பிணைந்த ஏக்கமே மனிதரைத் திரும்ப இழுக்கிறது என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவர் இங்கே சிகிச்சை பெற்ற 100 நியூயார்க் ஆண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார். வெறும் மருத்துவமனைவாசம் பெரிதாகப் பலன் தரவில்லை. வெளியே வந்தபின் நீண்ட காலம் கண்காணிப்பில் இருந்தவர்களும், நிலையான வேலையும் புதிய உறவுகளும் கிடைத்தவர்களும் அதிகமாகத் தேறினார்கள்.

இறுதிக் காலம்

1966-இல் வந்த மறுவாழ்வுச் சட்டம், வெளியேறியபின் சொந்த ஊரில் தொடர் கவனிப்பு தர வகை செய்தது. இதற்கிடையே, 1940களில் லெக்சிங்டனில் பணியாற்றிய மருத்துவர் மேரி நைஸ்வாண்டர், மருத்துவர் வின்சென்ட் டோலுடன் சேர்ந்து, நோயாளி தம் ஊரிலிருந்தபடியே நாள்தோறும் மெத்தடோன் பெறும் சிகிச்சையை 1960களின் நடுவில் நியூயார்க்கில் நிலைநாட்டினார். தொலைதூரப் பண்ணையின் தேவை குறைந்தது. 1974-இல் கட்டடம் சிறைத்துறைக்குப் போனது; இன்று நோயுற்ற கைதிகளுக்கான மத்தியச் சிறை மருத்துவமனையாக இருக்கிறது.

மரபு

இந்தியா உட்படப் பல நாடுகளில் இன்று அபின் வகைப் பழக்கத்துக்குக் கொடுக்கப்படும் புப்ரெநார்ஃபின் மருந்தின் பயனை 1978-இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டியது லெக்சிங்டன் ஆய்வு மையமே. பின்னாளைய ஆய்வுகள், சிகிச்சை முடித்து வெளியேறுவோருக்கு உள்ள ஓர் ஆபத்தையும் காட்டின. சில வாரங்கள் போதையின்றி இருந்த உடல் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. திரும்பி வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று இறக்க நேரிடும்.

பண்ணையின் நாற்பதாண்டு அனுபவம் சொல்லும் பாடம் எளியது. மதிலுக்குள் போதையை நிறுத்துவது சிகிச்சையின் முதல் பகுதிதான். ஒருவரைச் சிகிச்சை இல்லத்தில் சேர்க்கும் குடும்பமும் மருத்துவரும், அவர் வீடு திரும்பும் நாளுக்கான ஆயத்தத்தைச் சேர்க்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.