முன்வார்ப்புக் கான்கிரீட் சுவர்களின் நிலநடுக்கத் தாங்குதிறன்

முன்வார்ப்புச் சுவர் என்பது தொழிற்சாலையில் வார்த்து, கட்டுமானத் தளத்தில் கிரேனால் தூக்கி நிறுத்தி இணைக்கப்படும் கான்கிரீட் பலகம். திருவனந்தபுரம் உட்படக் கேரளம் முழுவதையும் ஐ.எஸ். 1893 நெறிமுறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில், 0.16 என்ற மண்டலக் காரணியுடன் வைத்தது. இத்தகைய நகரில் அடுக்குமாடிக் கட்டடத்தின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது, பலகத்தின் வலிமையைவிட அதன் இணைப்புகளின் தரமே.

இதற்கு ஆர்மீனியாவில் 1988 டிசம்பர் 7 அன்று நேர்ந்த நிலநடுக்கம் முக்கியச் சான்று. லெனினாகான் நகரில் தூண்களும் உத்தரங்களும் கொண்ட முன்வார்ப்புச் சட்டகக் கட்டடங்கள் 133இல் 72 இடிந்தன. பெரும்பலகச் சுவர்க் கட்டடங்களோ நிலைத்து நின்றன. அந்நகரின் மென்மண் மெதுவான அதிர்வுகளைப் பெருக்கியதால், நெகிழும் சட்டகங்களே அதிகம் பாதிக்கப்பட்டன, விறைப்பான சுவர்கள் தப்பின என்று மறுக்கலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் சட்டக இணைப்புகளின் பலவீனத்தையும் ஒதுக்க முடியாது. 2001 ஜனவரி 26இல் குஜராத்தில் முன்வார்ப்புக் கூரை கொண்ட பள்ளிகள் சேதமடைந்ததும் இதையே காட்டியது. பலகைகளைச் சுவரோடும் ஒன்றோடொன்றும் போதிய அளவு பிணைக்காததால் கூரைகள் சரிந்தன.

கேரளத்தில் பதிவானவை மிதமான அதிர்வுகளே. 2000 டிசம்பர் 12இல் கோட்டயம் மாவட்டத்தை உலுக்கியதன் அளவு சுமார் 5. அதனால் இத்தனை கவனம் தேவையில்லை என்பது மற்றொரு வாதம். ஆனால் நெறிமுறையின் அதே 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, இழுபடும் தன்மையுள்ள கான்கிரீட் சுவருக்கு மீள்நிலையில் கணக்கிட்ட நிலநடுக்க விசையை 4ஆல் வகுத்தே வடிவமைக்க அனுமதித்தது. கம்பி அறுந்துவிடாமல் நீண்டு ஆற்றலை உள்வாங்கும் என்ற நம்பிக்கையே இந்தத் தள்ளுபடிக்கு அடிப்படை. முன்வார்ப்புச் சுவரில் அந்த நீட்சி பெரும்பாலும் அடிமட்டக் கிடைமட்ட இணைப்பிலேயே நிகழ்கிறது. அங்கு இணைப்புக் கம்பிகள் நுழையும் குழாய்களில் சிமெண்டுக் குழம்பு முழுமையாக நிறையாவிட்டால், குறை வெளியே தெரியாது, கம்பி நழுவும், தள்ளுபடிக்கான நியாயமும் போய்விடும். பருவமழையும் கடற்காற்றும் மூட்டுகளில் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும்.

எனினும் இம்முறையைக் கைவிட வேண்டியதில்லை. 1999இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் சோதித்த ஐந்து மாடி மாதிரியில், முன்னிறுக்கக் கம்பிகளால் கட்டிய முன்வார்ப்புச் சுவர் அடித்தளத்தின்மேல் சற்றே அசைந்தாடி, சிறு சேதத்துடன் பழைய நிலைக்குத் திரும்பியது. நன்கு வடிவமைத்த இணைப்பு பலவீனத்தையே பலமாக்கும். ஆகவே பலகத்தின் கான்கிரீட்டைச் சோதிப்பதுபோல், ஒவ்வொரு மூட்டின் நிரப்பலையும் தளத்திலேயே சோதித்துப் பதிவுசெய்வது கட்டாயமாக வேண்டும்.