வாசிப்பில் திணறும் கெட்டிக்கார மாணவர்கள்: வகுப்பறையில் கைகொடுக்கும் கருவிகள்

வாய்க்கணக்கில் முந்திக்கொண்டு விடை சொல்லும் மாணவர், அதே கணக்கைத் தாளில் வாசித்து எழுதச் சொன்னால் திணறுகிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'சோம்பேறி' என்ற பெயர்தான். ஆனால், மீத்திறனும் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்கக்கூடும். டிஸ்லெக்சியா அறிவுக் குறைவால் வருவதன்று.

ஏன் கண்ணில் படுவதில்லை?

நினைவாற்றல் மிக்க பிள்ளை, பாடத்தை மனனம் செய்தே படிநிலை ஒன்றைச் சமாளித்துவிடலாம். நீண்ட பத்திகள் வரும்போதுதான் சிக்கல் தெரியும். புள்ளிகள் சராசரியாக இருப்பதால், திறனும் தெரிவதில்லை, குறைபாடும் தெரிவதில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மூன்று மொழிகளை இரண்டு எழுத்து முறைகளில் கற்கின்றனர். தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ 'க்' என்ற மெய்க்குப் பின்னால் வருகிறது. இதுவும் சில பிள்ளைகளைக் குழப்பும்.

உதவும் கருவிகள்

• வாசித்துக் காட்டும் வசதி: மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவி, திரையில் உள்ள பகுதியைத் தமிழில் வாசிக்கும். மலேசியத் தமிழுக்கென 'கனி', 'சூர்யா' என்ற குரல்களும் உள்ளன.

• குரல்வழி எழுதுதல்: கூகல் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுத்தாக மாறும். பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

• இம்மெர்சிவ் ரீடர்: எழுத்து இடைவெளியைக் கூட்டி, ஒரு நேரத்தில் சில வரிகளை மட்டும் காட்டும்.

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருப்பதால், பள்ளிக் கணினியைப் பயன்படுத்துவது குறித்து ஆசிரியரிடம் பேசுவது நல்லது. வகுப்பில் இரைச்சல் இருந்தால் குரல்வழி எழுதுதல் சரிவராது. அமைதியான மூலையும் ஒலிவாங்கியுள்ள காதணிபேசியும் தேவைப்படும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது

கருவி கொடுத்துவிட்டோம் என்று பாடத்தின் தரத்தைக் குறைக்கக் கூடாது. மீத்திறன் மாணவருக்குத் தேவை எளிய பாடமன்று. சவாலான பாடத்தை எட்டுவதற்கான வழி. வரலாற்றுப் பகுதியைச் செவிவழி கேட்டு, விடையை வாய்மொழியாகச் சொல்ல அனுமதித்தால் அவரின் உண்மையான புரிதல் வெளிப்படும். அதேவேளையில், கருவி வாசிப்பைக் கற்றுத்தராது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி தொடர வேண்டும்.

பெற்றோர் எங்கே தொடங்கலாம்?

முதலில் வகுப்பாசிரியரை அணுகலாம். டிஸ்லெக்சியா அறிகுறிகளைக் கண்டறியக் கல்வி அமைச்சின் சரிபார்ப்புப் பட்டியல் உள்ளது. அடுத்து, அரசாங்க மருத்துவமனையில் மதிப்பீடு செய்யலாம். சமூகநலத் துறையில் ஓகேயூ அட்டைக்குப் பதிவது பெற்றோரின் விருப்பம். எஸ்பிஎம் தேர்வில் சிறப்புத் தேவையுள்ளோருக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மேற்கூறிய மூன்று கருவிகளும் இலவசம். வீட்டில் பயன்படுத்த எந்த அட்டையும் தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.