சோழிக் கணக்கும் தொலைநோக்கியும்

திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரி, வானியல் வரலாற்றில் இருமுறை இடம் பெற்ற ஊர் ஆகும். வானியலை இக்காலத்தில் ஏன் கற்க வேண்டும் என்று கேட்போர் அவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டில் 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். சூரியனுக்கு முன்பாக வெள்ளி கடந்து செல்வதை உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிட முடியும். ஆனால் 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கப்பல் திரும்பியது, ஆடும் கப்பல் தளத்திலிருந்து அவர் கண்டது எந்த அளவீட்டுக்கும் உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1768இல் புதுச்சேரி வந்து ஆய்வகம் அமைத்தார். 1769 சூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. அதற்கடுத்த கடப்பு 1874இல்தான்.

இந்தத் துயரக் கதையே பலருக்கும் தெரியும். காத்திருந்த நாட்களில் அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடச் சுவையானது. தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்களிடம் அவர் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணக்கிட்டபோது 41 வினாடி குறைந்தது. ஐரோப்பிய அட்டவணையோ 68 வினாடி கூட்டிக் காட்டியது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 'கால சங்கலித' என்ற நூலை எழுதிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

வியப்புக்குரிய திறமைதான். ஆயினும் கணக்கின் பின்னுள்ள காரணங்களை அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் குறித்துள்ளார். அதை அவர் ஒருவரின் குறையாகக் கொள்வது நியாயமன்று. நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த வாக்கியங்களை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலை தளர்ந்துபோயிருந்தது. கோள்களின் வேகத்தில் உள்ள சிறு பிழையும் ஆண்டுதோறும் சேர்ந்து பெரிதாகும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை சென்னையில் வேறு வகையில் நடந்தது. வில்லியம் பெட்ரி 1786இல் சொந்தமாகத் தொடங்கிய வானாய்வகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் வேண்டிய தீர்க்கரேகையை அது அளந்தது. பிற்காலத்தில் இரயில்கள் 'மதராஸ் நேரப்படி' ஓடின. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். அதைவிட நமக்கு நெருக்கமான பணி ஒன்றும் அவருடையது: கண்ணால் கண்ட நிலையோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, பழைய வாக்கியங்களைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டார். மரபை விட்டு விலகியவர் அல்லர் அவர். பஞ்சாங்கக் குடும்பத்திலேயே பிறந்தவர்.

அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது 2023 சனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த திருநள்ளாற்றில் பின்னைய நாளிலேயே விழா நடந்தது. கோயில் தன் வழக்கத்தைப் பின்பற்றுவது வேறு செய்தி. ராசியின் எல்லையை எங்கே வைப்பது என்பதும் மரபைப் பொறுத்தது. ஆனால் கோள் நிற்கும் இடம் எந்த மரபையும் பொறுத்ததன்று. சனி வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த டிசம்பர் மாலைகளில் மேற்கு வானில் அது எந்த விண்மீன்களின் அருகே நின்றது என்பதை, பார்க்கத் தெரிந்த பள்ளி மாணவர் எவரும் திண்டிவனத்து மொட்டைமாடியிலிருந்தே சொல்லியிருக்கலாம்.