இணைப்பும் தொலைவும்: பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் வரலாற்றில் ஒரு நோக்கு

பலர் கூடி ஒரு நிரலை எழுதுமிடத்து, எவர் எதனை எப்போது மாற்றினர் என்பதைப் பதிந்துவைக்கும் கருவி இன்றியமையாததாகின்றது. 1972ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொச்கைன்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., 1980களின் தொடக்கத்தில் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ரர் ரிச்சி உருவாக்கிய ஆர்.சி.எஸ். ஆகியன இத்துறையின் முன்னோடிகள். இவற்றில் கோப்புகளும் அவற்றைக் கையாண்டோரும் ஒரே கணினியைச் சார்ந்திருந்தமையால், தொலைவு ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. 1990களில் சி.வி.எஸ். வலையமைப்பினூடாக இயங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. களஞ்சியம் ஒரு நாட்டிலும் நிரலாளர் பிறிதொரு நாட்டிலும் இருத்தல் இயல்பாயிற்று.

இணைப்பொன்றைத் திறப்பதற்கும் ஒரு விலை உண்டு. ரி.சி.பி. விதிமுறையின்படி, தரவு செல்லுமுன் இரு முனைகளும் செய்தி பரிமாறி உடன்படுதல் வேண்டும். அதற்கு ஒருமுறை சென்று மீளும் நேரம் கழிகின்றது. 1986 ஒக்ரோபரில், லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தரவோட்டம் செக்கனுக்கு 32,000 பிற் என்ற அளவிலிருந்து 40 பிற் வரை வீழ்ந்தது. இந்நெரிசலை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988இல் வெளியிட்ட கட்டுரையில் 'மெதுவான தொடக்கம்' என்னும் முறையை விளக்கினார். அதன்படி புதிய இணைப்பு ஒவ்வொன்றும் சிறிதளவு தரவுடன் தொடங்கிப் படிப்படியாகவே விரைவு பெறும். வலையமைப்பைக் காத்த இம்முறையே, இணைப்புகளை அடிக்கடி மூடித் திறக்கும் மென்பொருளுக்குச் சுமையாயிற்று.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். சென்று மீளும் நேரம் 200 மில்லிசெக்கன் எனவும், பெறவேண்டிய கோப்புகள் 1,000 எனவும் கொள்வோம். ஒவ்வொரு கோப்புக்கும் புதிய இணைப்பைத் திறப்பின், காத்திருப்பில் மாத்திரம் 400 செக்கன் கழியும். ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின் அது ஏறத்தாழ 200 செக்கனாகும். நான்கு இணைப்புகளைத் திறந்துவைத்து வேலையைப் பகிரின் ஏறத்தாழ 50 செக்கனாகும். சேவையகத்துக்கு அருகே, ஒரு மில்லிசெக்கன் தொலைவில் இருப்பவருக்கோ மிக மோசமான முறையிலும் இரண்டு செக்கனே செல்லும். திறனற்ற வடிவமைப்பின் விலையைத் தொலைவில் உள்ளவரே செலுத்துகின்றார் என்பது இதனாற் பெறப்படும்.

இக்குறையைக் களையும் முயற்சிகள் பல திசைகளில் நிகழ்ந்தன. 1997இல் வரையறுக்கப்பட்ட எச்.ரி.ரி.பி. 1.1, இணைப்பைத் திறந்தே வைத்திருத்தலைப் பொதுவிதியாக்கியது. 2004இல் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.எச். 3.9, ஒரே இணைப்பினுள் பல அமர்வுகளை நடத்த இடமளித்தது. அதே ஆண்டில் முதற்பதிப்புக் கண்ட சப்வேர்ஷன், 2013இல் தனது 1.8ஆம் பதிப்பில் எச்.ரி.ரி.பி. தொடர்புக்குச் 'சேர்ஃப்' நூலகத்தை மாத்திரம் ஏற்றுக்கொண்டது. இந்நூலகம் வழக்கமாக நான்கு இணைப்புகள் வரை திறந்து, ஒரு வேண்டுகோளுக்கு விடை வருமுன்னரே அடுத்ததையும் அனுப்பியது.

எனினும் திறந்த இணைப்பு ஒவ்வொன்றும் சேவையகத்தின் வளங்களைப் பற்றிக்கொள்வது. இதனாலேயே அப்பாச்சி சேவையகம், வேறு கட்டளை இல்லாவிடின், 100 வேண்டுகோள்களின் பின் இணைப்பை மூடிவிடுகின்றது. ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கேட்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு அவ்வெல்லை போதாது.

மேலும், இணைப்பைப் பேணுதல் முழுத் தீர்வுமன்று. 2005இல் தோன்றிய கிற், தொடக்கத்தில் எச்.ரி.ரி.பி. வழியே ஒரு பொருளைப் பெற்று வாசித்த பின்னரே அடுத்து எதனைக் கேட்பதென்று அறிந்தது. இத்தகைய தொடர் வினாக்களை எத்தனை இணைப்புகளாலும் முற்றாக விரைவுபடுத்த இயலாது. 2009 டிசம்பரில் வெளியான 1.6.6ஆம் பதிப்பு வினாவையே மாற்றியது. பயனர் தம்மிடம் உள்ளவற்றைக் கூற, இல்லாதவற்றைச் சேவையகமே கணித்து ஒரே பொதியாக அனுப்பும் முறை அதனுடன் வந்தது.

ஆகவே, இவ்வரலாற்றில் இரு நெறிகள் புலப்படுகின்றன: திறந்த பாதையை மூடாதிருத்தல் ஒன்று, பயணங்களின் தொகையைக் குறைத்தல் மற்றொன்று. ஒளியின் வேகத்தை எவராலும் கூட்ட முடியாது. ஆயின் தொலைவிலுள்ளவர் எத்தனை முறை காத்திருக்க வேண்டும் என்பதை நிரலை வடிவமைப்பவரே தீர்மானிக்கின்றார்.