நட்சத்திரத்தைத் துரத்திய பற்சக்கரங்கள்

தொலைநோக்கி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது லென்ஸும் கண்ணாடியும்தான். அதைத் தாங்கி நிற்கும் பீடத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் வானியல் வரலாற்றில் பாதி வேலையைச் செய்தது அந்தப் பீடமும் அதற்குள் சுழலும் பற்சக்கரங்களும்தான்!

காரணம் எளிமையானது. பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு கோண விநாடி. வான நடுக்கோட்டருகே உள்ள நட்சத்திரம் ஒவ்வொரு விநாடியும் 15 கோண விநாடி நகர்கிறது. வெறும் கண்ணுக்கு இது தெரியாது. உருப்பெருக்கம் அதிகமானால் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடும்.

தொலைநோக்கியைக் கடிகாரத்தால் ஓட்டலாம் என்ற யோசனையை ராபர்ட் ஹூக் 1674-லேயே எழுதிவிட்டார். அது பெரிய அளவில் வெற்றி பெற 150 வருடம் ஆனது. 1824-ல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் செய்த தொலைநோக்கி, இன்று எஸ்தோனியாவில் உள்ள டார்ட்டு நகருக்குப் போனது. கீழே இறங்கும் எடை ஒன்று கடிகாரப் பொறியை ஓட்ட, அது தொலைநோக்கியைத் திருப்பியது. அதை வைத்து ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் சுமார் 1,20,000 நட்சத்திரங்களை ஆராய்ந்து, 3000-க்கும் மேற்பட்ட இரட்டை நட்சத்திரங்களை 1827-ல் பட்டியலிட்டார்.

அடுத்து வந்தது புகைப்படம். கண் சின்னச் சின்ன ஆட்டத்தை மன்னித்துவிடும், படத்தகடு மன்னிக்காது. 1850-ல் ஹார்வர்டில் வேகா நட்சத்திரத்தை முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். ஆனால் அந்தக் கடிகாரப் பொறி சீராக ஓடாததால் மேற்கொண்டு அதிகம் முன்னேற முடியவில்லை. 1857-ல் மேம்பட்ட பொறியும் புதிய வகைத் தகடும் வந்த பிறகுதான் வேலை மறுபடி சூடு பிடித்தது.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவைப் படம் பிடித்த தகடு 45 நிமிடம் ஒளியை வாங்கியது. அதில் கிடைத்த ஒரு மாறும் நட்சத்திரம்தான் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருப்பதைக் காட்டியது. அந்த 100 அங்குலத் தொலைநோக்கியையும் ஓட்டியது இறங்கும் எடைதான்!

பிறகு மின்மோட்டார் காலம். பெரிய தொலைநோக்கிக்குப் பெரிய மோட்டார் வேண்டும் என்றுதானே தோன்றும்? 1948-ல் திறக்கப்பட்ட பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கியின் அசையும் பகுதி சுமார் 500 டன். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதால், அதை நட்சத்திரத்தோடு நகர்த்த 1/12 குதிரைத்திறன் மோட்டாரே போதும். கவனமெல்லாம் 720 பற்கள் கொண்ட பெரிய வார்ம் சக்கரத்தைத் துல்லியமாகக் கடைவதில்தான் இருந்தது.

வீட்டில் தொலைநோக்கி செய்தவர்கள் சிங்க்ரனஸ் மோட்டாரைப் பிடித்துக்கொண்டார்கள். அது மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஓடும். 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மோட்டாரை 360 பல் சக்கரத்தோடு இணைத்தால் 1440 நிமிடம், அதாவது சூரியனின் நாள். ஒரு பல்லைக் குறைத்து 359 ஆக்கினால் 1436 நிமிடம், நட்சத்திரத்தின் நாள்! ஒரே ஒரு பல்லில் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் மாட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும்.

ஸ்டெப்பர் மோட்டார் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதன் வேகத்தை முடிவு செய்வது மின்துடிப்புகள். ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படியும் 16 துண்டு, நடுவில் 4-க்கு 1 கியர், கடைசியில் 180 பல் வார்ம் சக்கரம் என்று வைத்தால் ஒரு துண்டு சுமார் 0.56 கோண விநாடி. போதுமான நுட்பம்தான். ஆனால் வார்ம் திருகு கொஞ்சம் கோணலாக இருந்தால், 8 நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் முன்னும் பின்னும் ஆடும். எவ்வளவு விலை உயர்ந்த மோட்டாரை மாட்டினாலும் அந்த ஆட்டம் தானாகப் போகாது.

ஆக, பழைய பீடத்தை மேம்படுத்த நினைப்பவர்களுக்கு வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுதான்: முதலில் பல்லைப் பாருங்கள், பிறகு மோட்டாரைப் பாருங்கள்!