பட்டாவும் கோயில் காடும்

புதுக்கோட்டைக்குக் கிழக்கே, தஞ்சாவூர் எல்லையை நெருங்கி, அக்னியாறு ஓடும் பூமியில் அமைந்த கறம்பக்குடியின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1948-இல் இந்திய யூனியனோடு கலந்துவிட்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தஸ்தாவேஜுகளைத்தான் முதலில் புரட்டுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஜனங்கள் அந்தக் காகிதங்களில் கட்டைவிரல் ரேகையாக மட்டுமே தென்படுகிறார்கள். அவர்களுடைய ஞானம் இருந்த இடம் வேறு. அது கோயில் காடு.

கண்மாய்க் கரையிலோ ஊருக்குப் புறத்தேயோ அய்யனாருக்கென்று ஒதுக்கப்பட்ட இக்காடுகளில், வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் குருந்தும் அடர்ந்து, சித்திரை வெயிலிலும் பசுமை குன்றாமல் நிற்கும். மழை குறைந்த சோழமண்டலக் கரையோரத்தில் கோடையிலும் இலையுதிராத இவ்வகைக் காடு ஓர் அபூர்வம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறவர்கள், பொங்கல் வைக்கக் காய்ந்த சுள்ளியைப் பொறுக்கி அங்கேயே எரிக்கலாம். வீட்டு அடுப்புக்கென்று ஒரு சுள்ளியையும் எடுத்துச் செல்லலாகாது. பெரிய குதிரைச் சிலைக்குப் பேர்போன குளமங்கலத்து அய்யனாரின் திருநாமமே ‘பெருங்காரையடி மீண்ட அய்யனார்’ என்பது. காரை மரத்தைத் தெய்வத்தின் பெயரிலேயே பொதிந்து வைத்தவர்களை நிரட்சரகுட்சிகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த ஜனங்களுக்கு அட்சரம் கற்பிக்க வந்ததுதான் அறிவொளி இயக்கம். 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்றதன் உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் பரவ, 1991-இல், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கமும் அறிவியல் இயக்கத் தொண்டர்களின் உழைப்பும் சேர்ந்து, புதுக்கோட்டை ஜில்லா முழுவதும் இரவுப் பள்ளிகள் தோன்றின. கல்லுடைக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் வேலை முடிந்து வந்து சிலேட்டைப் பிடித்தார்கள். அதோடு நில்லாமல் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் தீர்ந்துபோகவே, ஆண்கள் சைக்கிளையே வாங்கி, குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார்த்திப் போனார்கள்.

முதல் பாடம் ‘அம்மா, ஆடு’ அன்று. ‘பட்டா, படி’ என்பது. பிரேசில் தேசத்துப் பாவ்லோ ஃப்ரெய்ரே உபதேசித்தபடி, ஜனங்களின் வாழ்வைத் தொடும் சொல்லிலிருந்து அட்சரத்தைத் தொடங்கும் மார்க்கம் இது. நிலமில்லாதவளுக்குப் பட்டாவைவிட உயிர்ப்பான சொல் வேறெது? அவ்வாறு கற்றவர்கள் மனு எழுதிக் கலெக்டர் ஆபீசுக்குப் போனது இயக்கத்தின் தக்க பலன் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும் கோயில் காடு போன்ற பொதுக்காடு எவர் பேரிலும் பட்டா ஆகாத நிலம். அதன் பக்கமாக நிற்பதற்குப் பாடப் புத்தகத்தில் ஒரு சொல் இல்லாது போயிற்று. 1974-இல் ஏற்பட்ட வனத்தோட்டக் கழகமோ இந்த ஜில்லாவின் மேட்டுக்காடுகளில் காகித ஆலைக்கென்று யூகலிப்டஸ் மரத்தை ஏக்கர் ஏக்கராக நட்டு வந்தது. ஊர்க்காரர்கள் அதை ‘ஆர்.எஸ்.பதி’ மரம் என்பார்கள். தைலம் விற்ற கம்பெனியின் பெயர் புட்டியிலிருந்து இறங்கி வந்து மரத்தின் மேல் ஏறிக்கொண்டது! அட்சரம் அறியாதவர் வாயிலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் சரளமாகப் புழங்க, வீரையும் காசாவும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாத பெயர்களாயின. நிலத்தடி நீரை அந்த மரம் உறிஞ்சிவிடுகிறது என்ற குறை இன்றும் ஓயவில்லை.

2002-இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டுமென்ற விதி ஏற்பட்டது. சாஸ்திரப் பெயருக்கு ஒரு பத்தி, உள்ளூர்ப் பெயருக்கு ஒரு பத்தி. முதலாவதைப் புத்தகம் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இரண்டாவதற்குப் பேனாவோடு போய் உட்கார வேண்டியது, அறிவொளி வகுப்பில் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்ட ஒரு கிழவியின் திண்ணையில்.