தீவகத்துப் பிள்ளைகளும் திருநெல்வேலி வளாகமும்

எங்கள் பாடசாலையின் நூறாண்டு வரலாற்றில் அதிபர்களின் பெயர்களும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும் பதிவாகியுள்ளன. பல்கலைக்கழகத்தை நாம் எப்போது முதன்முதலாகக் கண்ணால் கண்டோம் என்பது எங்கும் பதிவாகவில்லை. அந்தச் சிறு வரலாற்றை எழுதிவைப்பதற்கு இம்மலரை விட்டால் வேறு இடம் இல்லை.

எமது பாட்டிமார் படித்த காலத்தில் அப்படி ஓர் எண்ணமே எழ இடமிருக்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. 1952இல் பேராதனைக்குப் போனது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பிறந்த ஒரு பெண்பிள்ளை கடலையும் தாண்டி, ஒரு பகல் ரயிலில் இருந்து போய்ச் சேரவேண்டிய இடம் அது. இடம் கிடைத்தவர்கள் போனார்கள். பார்த்துவிட்டு வருவதற்காக எவரும் போகவில்லை.

1974 ஒக்டோபரில் நிலைமை மாறியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1978இல் மருத்துவ பீடம் வந்தது. 1979 ஜனவரி முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 'கம்பஸ் எடுபட்டிட்டுது' என்ற சொல் தீவக வீடுகளிலும் கேட்கத் தொடங்கியது. இனிப் பண்ணைப் பாலத்தைக் கடந்தால் போதும்.

அந்தப் பாலமும் கடலும் நெடுங்காலம் எமக்கு வழிவிடவில்லை. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் பயணித்தவர்கள் கொல்லப்பட்டபின், பெண்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப அஞ்சிய தாய்மாரை எவர் குறைசொல்ல முடியும்? 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பண்ணைப் பாதை அடைபட்டது. எமது வகுப்பில் பலர் எழுத்துப் படித்ததே அகதியாகப் போன இடத்தில்தான். 1996க்குப் பின் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பினோம்.

போர்நிறுத்தம் வந்த 2002இல் உயர்தர வகுப்பில் இருந்த எங்களை ஆசிரியைகள் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றார்கள். நெடுந்தீவுப் பிள்ளைகள் முதல்நாளே குறிகட்டுவானில் வந்திறங்கித் தோழியர் வீடுகளில் தங்கினார்கள். வெள்ளைச் சீருடையைத் தோய்த்து, ஸ்திரி போட்டு வைத்தோம். வரிசையாகப் போய்ப் பரமேஸ்வரன் கோயில், கைலாசபதி கலையரங்கு, நூலகம் எல்லாம் பார்த்தோம். ஒரு விரிவுரையாளர் அன்பாக, "பிள்ளையள், ஏதாவது கேக்கப் போறியளோ?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில் வடையும் தேநீரும் முடித்துத் திரும்பினோம்.

வரும் வழியில் பஸ்ஸில் எங்களுள் ஒருத்தி மெல்லிய குரலில் கேட்டாள்: "ரீச்சர், ஆர்ட்ஸ் படிக்கிற நான் இனி மெடிசினுக்குப் போகேலாதோ?" ரீச்சர் பதில் சொல்லாமல் அவளின் தலையைத் தடவினார். அவள் விலங்கியலில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாததால் கலைப் பிரிவு எடுத்தவள். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தாள். மருத்துவம் படித்த எங்களுக்கு அந்தக் கேள்வி இன்றும் காதில் நிற்கிறது.

அந்தப் பயணம் இரண்டு வருடம் பிந்தியது. பாடப்பிரிவைத் தெரிவுசெய்வது சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு. ஆகவே வளாகம் பார்க்கவேண்டிய வயது பத்தாம், பதினோராம் தரம். அந்த வயதில் பார்த்திருந்தால் அவள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்றாவது உயிரியல் படிக்க வழி தேடியிருப்பாள். வீட்டாரிடம் சொல்ல அவளிடம் ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

பிந்தியது மட்டுமல்ல, ஆயத்தமில்லாமலும் போனோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலைத் தமிழிலேயே பெறலாம். எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் என்பது அதில் உண்டு. போவதற்கு முன் வகுப்பில் அதைப் புரட்டி, ஒவ்வொரு பிள்ளையும் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போகவேண்டும். விடுதி கிடைக்குமா, மகாபொல உதவித்தொகை எவ்வளவு, ஆங்கிலத்தில் படிப்பது கடினமா என்ற கேள்விகள் பீடத்தின் வாசலில் நின்று யோசித்து வருவன அல்ல. பதில் சொல்ல விரிவுரையாளரைவிட அங்கு படிக்கும் தீவகத்து அக்கா ஒருவரே பொருத்தம். ஒவ்வொரு தீவிலிருந்தும் ஒரு தாயாவது கூட வரவேண்டும். முடிவில் சம்மதிக்க வேண்டியவர் அவர்தான். சோளகக் காற்றுக் காலத்தில் திகதி வைக்கக்கூடாது. கடல் கொந்தளித்தால் முதலில் தவறிப்போவது நெடுந்தீவுப் பிள்ளை.

எல்லோருக்கும் பல்கலைக்கழக இடம் கிடைப்பதில்லை. ஆகவே அதே பயணத்தில் தாதியர் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி வாசல்களையும் காட்டவேண்டும். கணிதத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு இன்னொரு நாள் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது.

நூற்றாண்டு நினைவாக மண்டபமும் நுழைவாயிலும் கட்ட எமது சங்கம் எண்ணியிருப்பது மகிழ்ச்சியே. அதனோடு ஆண்டுக்கொரு பஸ், நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு ஓரிரவுத் தங்குமிடம், மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்கும்படி வேண்டுகிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் சகோதரிகள் தொலைபேசியில் ஒரு மணிநேரம் பிள்ளைகளோடு பேசுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாங்கள் அன்று வளாக வாசலில் வந்து நிற்போம்.

பஸ்ஸில் கேட்ட அந்தத் தோழி இன்று தீவகத்தில் நல்ல ஆசிரியை. முதல் பயணத்துக்குப் பத்தாம் தரப் பிள்ளைகளைத் தானே கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.